நாய்ப் படம் பிடிக்க வந்த பேராண்டிக்கு

வா அய்யா, உட்காரு. பையை மெதுவா இறக்கு. திண்ணை உன் பூட்டன் கட்டுனது, இவ்வளவு கனத்தை அவர் நெனச்சுப் பார்த்திருக்க மாட்டார். ரெண்டு கேமரா, நாலு லென்சு, குடை, முக்காலி, முட்டிக்குப் போட ஒரு மெத்தை. எல்லாம் வந்திருச்சு. நாய் எங்க? வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பார்க்குதா? அது சரி. நீ ஜிப்பைச் சர்ருனு இழுத்தப்பவே அது உன்னை எடை போட்டு முடிச்சிருக்கும். இனி நீ எத்தனை படம் எடுத்தாலும், உன்னைப் பத்தி அது என்ன முடிவு பண்ணிச்சோ அதுதான் அதுல விழும்.

உங்க அம்மா ஊர் பூரா "எம் மகன் சென்னையில பெரிய நாய் போட்டோகிராபர்"னு சொல்லிட்டுத் திரியுறா. பொண்ணு கேட்டுப் போன வீட்டுல மட்டும் "போட்டோகிராபர்"னு நிறுத்திக்கிட்டாளாம். பொய் சொல்லல, ஓரத்துல இருந்த நாயை வெட்டிட்டா. உங்க தொழில்ல அதுக்கு 'கிராப்'னு பேரு, இல்லையா?

"தொழில்ல இன்னும் மேல வரணும், என்ன செய்ய தாத்தா?"ன்னு கேட்ட. போன வருசமும் கேட்ட. நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு நேரா போய் ஒரு லென்சு வாங்கிட்ட. இந்த வருசமும் எதையும் வாங்கச் சொல்லப் போறதில்ல, பயப்படாமக் கேளு.

கோவில்பட்டியில நான் ஸ்டுடியோ வச்சிருந்த காலத்துல என்கிட்ட இருந்தது ஒரு யாஷிகா. மேலயும் கீழயுமா ரெட்டைக் கண்ணு. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், அதுக்கு மேல ஒண்ணு கேட்டா படம் எடுக்க வந்தவங்ககிட்டக் காசு கேட்கணும். உன் பெட்டி வினாடிக்கு இருபது அடிக்குதுங்கிற. நீ தும்முற நேரத்துல என் ஒன்றரை ரோல் காலி. அவ்வளவு அடிச்சும் ராத்திரி உட்கார்ந்து "ஒண்ணுமே சரியா வரல தாத்தா"ன்னு போன் பண்ற. வராது. ஒரு வினாடியில இருபது தடவையும் நாய் உன்னை அதே சந்தேகத்தோடதானே பார்க்குது?

அந்த யாஷிகாவுல ஒரு சூட்சுமம் உண்டு. அதைக் கழுத்துல மாட்டி வயித்துக்கிட்ட வச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு மேல இருக்கிற கண்ணாடியில பார்க்கணும். எதிர்ல இருக்கிற நாய்க்கு என்ன தெரியும்? ஒரு ஆளு தன் தொப்பையைத் தானே பார்த்துக்கிட்டு குத்த வச்சிருக்கான், பாவம்னு தெரியும். கடிக்கணும்னும் தோணாது, ஓடணும்னும் தோணாது. லென்சு மட்டும் அது முகத்துக்கு நேரா இருக்கும். நீ என்ன பண்ற? முகத்தைப் பூரா மறைச்சு ஒரு கருப்புக் குழாயை நீட்டுற. அதுக்குள்ள ஒரு பெரிய கண்ணு, இமைக்காம முறைக்குது. நாய் ஜாதியில முறைச்சுப் பார்த்தா சண்டைக்கு வர்றியான்னு அர்த்தம். நல்ல நாய் மூஞ்சியைத் திருப்பிக்கும். நல்லதா இல்லாத நாய் என்ன செய்யும்னு உன் பேன்ட்டுக்குத் தெரியும்.

நீதானே வாசிச்சுக் காட்டுன, இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத்துல காமின்ஸ்கின்னு ஒரு அம்மா 2017ல கண்டுபிடிச்சுச் சொன்னதை? மனுசன் தன் பக்கம் திரும்பி நிக்கிறப்பதான் நாய் முகத்துல புருவம் ஏறுறதும் நாக்கு வர்றதும் அதிகம்னு. தீனியைக் காட்டுனதுல பெரிசா வித்தியாசம் ஒண்ணும் இல்லையாம். வாசிச்சவன் யோசிக்க வேண்டாமா? முகத்தைக் காட்டுனாத்தான் முகம் காட்டுற பிராணிகிட்ட, முகத்தை மூடிக்கிட்டுப் போய் "சிரி, சிரி"ங்கிற. உன் கேமராவுல முதுகுப் பக்கத் திரை மடங்கி வெளிய வருமே, அது உன்னை நீயே எடுத்துக்கிறதுக்குன்னு மட்டும் நெனச்சியா? அதை இழு. கேமராவைத் தரைக்குக் கொண்டு போ. முகத்தை வெளிய வை. மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுல காட்டுற முகத்தை வேணும்னாலும் வை, அதுகூடப் பரவாயில்ல.

முதல் அரை மணி நேரம் கேமராவையே தொடாத. பையைத் திறந்து போடு, அது மோந்து பார்க்கட்டும். நீ பக்கவாட்டா உட்காரு, நேருக்கு நேர் வேண்டாம். அது வந்து உன் முழங்கையை மோந்தா சும்மா இரு. உடனே தலையில தட்டிக் கொஞ்சாத. உனக்கும் முன்னப் பின்னத் தெரியாதவன் வந்து உச்சந்தலையில தட்டுனா பிடிக்காது. அப்புறமா கேமராவை எடுத்து வானத்தைப் பார்த்து ரெண்டு தடவை சொடுக்கு, சத்தம் பழகட்டும். சத்தமே இல்லாம எடுக்கிற வசதியும் உன் பெட்டியில இருக்குதாமே. இருக்கட்டும். ஆளு பழகலேன்னா சத்தம் இல்லாத கேமராவும் ஆகாது.

இனி வெள்ளையும் கருப்பும். இதுதான் பெரிய பாடம், காபியைக் குடிச்சுட்டுக் கேளு.

உன் லட்ச ரூபாய்க் கேமராவுக்கு உலகத்துல ஒரே ஒரு நிறத்து மேலதான் நம்பிக்கை: சாம்பல். எதைக் காட்டுனாலும் அதை நூத்துக்குப் பதினெட்டுப் பங்கு வெளிச்சம் திருப்புற சாம்பலாக்கித்தான் தரும். நம்ம ராஜபாளையத்து நாயைப் படம் நிறைய நிறுத்து. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. கேமரா "அய்யய்யோ, வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு பயந்து குறைச்சிரும். துவைக்காத வேட்டி நிறத்துல ஒரு நாய் வந்து விழும். கன்னி நாயை நிறுத்து. மை கருப்பு, புருவத்துக்கு மேல ரெண்டு பொட்டு. "அடடா, இருட்டு"ன்னு கூட்டிரும். கருப்பழகியை வெளுத்துப் போன குடைத்துணி நிறத்துக்குக் கொண்டு வந்திரும். அதனால வெள்ளைக்கு ஒரு படி கூட்டு, கருப்புக்கு ஒரு படி குறை. ஊரு நியாயத்துக்கு இது தலைகீழாத் தெரியும். வெள்ளையா இருக்கிறவனுக்கு இன்னும் வெளிச்சம், கருப்பா இருக்கிறவனுக்கு இருக்கிறதுலயும் வெட்டு. ஊரும் அப்படித்தானே நடக்குது, கேமராவை மட்டும் ஏன் குத்தம் சொல்லணும்?

உடனே நோட்டுல எழுதிக்காத. நீ எழுதிக்கிட்டா அதையே வேதம்னு பிடிச்சுக்குவ. அதே வெள்ளை நாயைக் கரிசக் காட்டுல தூரமா, பொட்டு அளவுக்கு நிறுத்திப் பாரு. இப்பக் கேமராவுக்குத் தெரியுறது பூரா கருப்பு மண்ணு. அது மண்ணை வெளுக்க வைக்கப் பார்க்கும், நாய் எரிஞ்சு போகும். மயிரு, மடிப்பு, எலும்பு ஒண்ணும் தெரியாம ஒரு வெள்ளை ஓட்டை மட்டும் நிக்கும். அங்க கூட்டக் கூடாது, குறைக்கணும். ஆக, படத்துல எவ்வளவு இடத்துல எந்த நிறம் உட்கார்ந்திருக்குன்னு நீதான் பார்க்கணும். எரிஞ்சு போன வெள்ளையை எந்தக் கம்ப்யூட்டராலும் திருப்பிக் கொண்டு வர முடியாது. இருட்டுல கிடக்கிறதையாவது கொஞ்சம் தூக்கிடலாம்.

அமெரிக்காவுல வில்லியம் வெக்மன்னு ஒருத்தர், நாயை வச்சே பேர் வாங்குனவர். அவர் நாய் வைமரானர் ஜாதி, மேன் ரேன்னு ஒரு பெரிய கலைஞர் பேரையே அதுக்கு வச்சிருந்தார். அது செத்தப்ப, 1982ல, நியூயார்க்குல 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை அந்த வருசத்துச் சிறந்த மனிதர்னு அந்த நாயைப் போட்டுச்சு. நம்ம ஊருல மனுசனுக்கே அந்தப் பட்டம் கிடைக்கிறது கஷ்டம். வைமரானர் என்ன நிறம் தெரியுமா? அசல் சாம்பல். கேமரா எதை விரும்புதோ அதே நிறத்துல நாயைப் பார்த்து வளர்த்திருக்கார் பாரு, அவர் கெட்டிக்காரர். உனக்குக் கருப்பும் வெள்ளையும்தான் வாய்ச்சிருக்கு, உழைக்கணும்.

வெளிச்சத்துக்கு வா. நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு நாங்க சொன்னோம். உன் பாடு, நாயைக் கண்டா வெளிச்சத்தைக் காணோம். பதினோரு மணி வரைக்கும் தூங்கிட்டு, உச்சி வெயில்ல நாயைத் தரதரன்னு இழுத்துட்டுப் போற. அது கண்ணைச் சுருக்கும், நாக்கைத் தொங்கப் போடும், காலு சுடும். உன் புறங்கையைத் தார் ரோட்டுல வச்சுப் பாரு, வைக்க முடியலேன்னா நாயை நிறுத்தாத. கரிசல் மண்ணு வேற, விழுற வெளிச்சத்தைத் தின்னுட்டு ஒண்ணையும் திருப்பித் தராது. கருப்பு நாயை அதுல நிறுத்துனா ரெண்டு கண்ணும் ஒரு நாக்கும்தான் படத்துல வரும். அதைக் கூட்டிட்டு வந்து களத்துச் சிமெண்டுத் தரையில, வேம்பு நிழல் முடியுற விளிம்புல, வானத்தைப் பார்க்க நிறுத்து. கீழ இருந்து வெளிச்சம் ஏறித் தாடையைக் காட்டும், மேல இருந்து கண்ணுல ஒரு மினுக்கு விழும். கருப்பு நாய்க்கு அந்த மினுக்குத்தான் உசிரு. அது இல்லேன்னா அது பார்க்குதா தூங்குதான்னே தெரியாது. பக்கத்துல சுண்ணாம்பு அடிச்ச சுவரு இருந்தா இன்னும் நல்லது. உன் மூவாயிரம் ரூபாய் வெள்ளைத் தட்டியைப் பைக்குள்ளயே வச்சுக்க, காத்துல படபடன்னு அடிச்சு நாயைத் துரத்துறதைத் தவிர அது வேற ஒண்ணும் பண்ணல.

2019ல சோனிக்காரன் மிருகத்தோட கண்ணைத் தானாப் பிடிக்கிற வித்தையைக் கேமராவுக்குள்ள வச்சான். அதுல இருந்து உங்களுக்கெல்லாம் ஒரு நோய். கண்ணு ஊசி முனையாத் தெரியுது, மூக்கு கரைஞ்சு கிடக்குது. லென்சை முழுசாத் திறந்து போட்டா அப்படித்தான். மனுசனுக்குக் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் ரெண்டு விரக்கடை, சிப்பிப்பாறை நாய்க்கு அரைச் சாண். நாயோட அடையாளமே மூக்குதான், அதைக் கரைச்சுப்புட்டு "பின்னணி எப்படி மங்குது பாருங்க"ன்னு பெருமை வேற. லென்சை நாலு, அஞ்சு புள்ளி ஆறுன்னு கொஞ்சம் மூடு. பின்னணி மங்கணும்னா நாயைச் சுவத்துல இருந்து பத்தடி முன்னால கூட்டிட்டு வா, காசு செலவில்ல.

அப்புறம் அந்தக் கீச்சுப் பொம்மை. திருவிழாவுல பலூன்காரன் மாதிரி வந்ததுல இருந்து கீச்சுக் கீச்சுன்னு அமுக்கிட்டே இருக்க. முதல் தடவை அமுக்குனா நாய் காதை நிமிர்த்தித் தலையைச் சாய்க்கும். ரெண்டாவது தடவை காது மட்டும். நாலாவதுக்கு உன் புத்தி பேதலிச்சிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் படுத்துக்கும். அதைக் கடைசிக்கு வை, எல்லாம் தயாரானதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை. இன்னொண்ணு: அன்னைக்கு ஒரு வெள்ளைக் குட்டிகிட்டக் கால் மணி நேரம் அமுக்குன, "திமிர் பிடிச்ச நாய்"ன்னு பேரும் வச்ச. அய்யா, பிறவியிலேயே காது கேட்காம இருக்கிறது இந்த வெள்ளை ஜாதியில உண்டு. செவிட்டு நாய்கிட்ட ஊதிட்டு அதைத் திமிருங்கிற. தரையைக் காலால தட்டு, அதிர்வு போய்ச் சேரும். கையை ஆட்டு, திரும்பும். பந்து காட்டுறதுன்னாலும் பச்சைப் புல்லுல சிவப்புப் பந்தைப் போடாத. அதோட கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் பிரிஞ்சு தெரியும், பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான்.

எலியட் எர்விட்னு ஒரு மகாராசன் இருந்தார், பொம்மையெல்லாம் தேடல, நாயைத் துள்ள வைக்கத் தானே குரைச்சிருவாராம். 1946லயே நியூயார்க் தெருவுல தரையோட தரையாக் கேமராவை இறக்கி, ஒரு அம்மாவோட செருப்புக் காலையும் பக்கத்துல சட்டை போட்ட குட்டி நாயையும் மட்டும் எடுத்தார். அம்மா முகமே படத்துல இல்ல. நாய்க்கு உலகம் எப்படித் தெரியுதோ அப்படி. நீ அஞ்சே முக்கால் அடியில நின்னுக்கிட்டுக் கீழ பார்த்து எடுக்கிற, எல்லா நாயும் மண்டை பெருத்து, காலு சூம்பி, உன்கிட்டக் கடன் கேட்க வந்த தினுசுல நிக்குது. குரைக்கிறதுக்கு வெட்கமா இருந்தா குனியவாவது செய்.

நாய் கொட்டாவி விட்டா தூக்கம்னு நெனச்சுக்காத. உதட்டை நக்குனா பசின்னு நெனச்சுக்காத. கண்ணோட வெள்ளை ஓரமாத் தெரியுதா, வால் கால் இடுக்குல போச்சா, "போதும்பா, விடு"ன்னு சொல்லுது. பத்து நிமிசம் கேமராவைக் கீழ வை. அதுலயும் கண்ணு வெளுத்த படத்தை எடுத்து, "ஆச்சரியப்படுகிறான் செல்லம்"னு கீழ எழுதிக் காசும் வாங்கியிருக்க. அந்தச் செல்லத்துக்கு வாசிக்கத் தெரியாது, அது உன் நல்ல காலம்.

ஓட்டத்தைப் பத்தி உனக்குச் சொல்லிக் குடுக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. எங்க சிப்பிப்பாறை ஓடுறதைப் பார்த்திருக்கியா? ஒரு தாவலுக்கு ரெண்டு தரம் காத்துல நிக்கும். நாலு காலையும் வயித்துக்கு அடியில சுருட்டுறப்ப ஒரு தரம், முன்னும் பின்னுமா நீட்டுறப்ப ஒரு தரம். நீட்டுனதைத்தான் எல்லாரும் எடுக்கிறாங்க. சுருட்டுன நேரத்தை எடுத்துப் பாரு, முதுகு வில்லா வளைஞ்சு, அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு அதுலதான் தெரியும். 1/2000 வினாடியில வை. முதல்ல பக்கவாட்டுல ஓட விட்டுப் பழகு, நேரா உன்னைப் பார்த்து ஓடி வர்றது பிந்தித்தான். ஓட வைக்கிறதுக்குக் கயித்துல ஒரு கந்தல் துணியைக் கட்டிச் சின்னப் பையன் ஒருத்தனை இழுத்துட்டு ஓடச் சொல்லு, போதும். முயலைப் பத்தி நான் எதுவும் சொல்லல. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்ததுல இருந்து எனக்கு முயல்னா என்னன்னே மறந்து போச்சு.

2005ல தபால்காரங்க நம்ம நாட்டு நாய்னு நாலு தபால் தலை வெளியிட்டாங்க. ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய். சிப்பிப்பாறைக்கு இடம் இல்ல. ஓடுற ஓட்டத்துல தலைக்குள்ள நிக்கலையோ என்னமோ. இல்ல, உன்னை மாதிரி ஒருத்தன் எடுத்துக் குடுத்த படம் சரியில்லையோ?

நாயைச் சமாளிச்சுட்ட. இனி ஓனரு. இதுதான் அடங்காத ஜாதி. ஒரு நாய், அஞ்சு பேரு, அஞ்சு திசையில இருந்து "புருனோ, புருனோ"ன்னு கத்துவாங்க. புருனோவுக்கு அஞ்சு கழுத்தா இருக்கு? ஒருத்தரை மட்டும் உன் லென்சுக்குப் பின்னால, தோளை ஒட்டி நிறுத்து. மத்தவங்களுக்கு டீ வாங்கப் போக ஒரு வழி காட்டு, கொஞ்சம் தூரத்துக் கடையாப் பார்த்து. அவங்க தங்களை நாய்க்கு மம்மி, டாடிங்கிறாங்க. நான் ஒரு நாள் மரியாதைக்கு "வாங்க சம்பந்தி"ன்னேன், கோவிச்சுக்கிட்டாங்க. நம்ம வீட்லயும் நாய் இருக்கு, அதுக்கும் வயசாச்சு, வேற என்னன்னு கூப்பிடுறது?

கூலிங் கிளாஸ் போடச் சொல்வாங்க. பிறந்தநாள் தொப்பி மாட்டச் சொல்வாங்க. வேண்டாம்னு வாதாடாத. "முதல்ல சும்மா ரெண்டு எடுத்துக்கிறேன்"னு சொல்லிட்டு உனக்கு வேண்டியதை எடுத்து முடிச்சுரு. தொப்பி மாட்டுனதுக்கு அப்புறம் நாய் ஒத்துழைக்காது, அந்தப் பழி உன் மேல வராது. வேலைக்கு முந்தின நாளே ஒண்ணு மட்டும் கேட்டு வை: "உங்க நாய் மட்டும் செய்யுற கிறுக்குத்தனம் என்ன?" ஒண்ணு செருப்பை எடுத்துட்டு வந்து தலைக்கு வச்சுப் படுக்கும். இன்னொண்ணு கேட்டு மேல தாடையை வச்சுப் பால்காரருக்காகக் காத்திருக்கும். அந்தப் படத்துக்குத்தான் காசு வரும். உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிற படத்தை அவங்க போன்லயே எடுத்துக்குவாங்க.

தப்பு செஞ்ச மூஞ்சி வேணும்னு கேட்பாங்க, கிழிச்ச தலையணையோட. அமெரிக்காவுல ஹொரோவிட்ஸ்ங்கிற அம்மா 2009ல இதையும் சோதிச்சுட்டாங்க. நாய் தப்பு செஞ்சதாலன்னு இல்ல, ஓனரு திட்டுனதாலதான் அந்த மூஞ்சி வருது. தப்பே செய்யாததைத் திட்டுனாலும் அதே மூஞ்சிதான். உன் தாத்தாவும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து உங்க பாட்டி முன்னாடி அந்த மூஞ்சியோடதான் இருக்கேன், ஒரு தலையணையைக்கூடக் கிழிச்சதில்ல.

கயித்தை அவுத்து விடச் சொல்லாத, ரோட்டோரத்துல அதுவும். கயிறோட எடு. நாயைக் கூட்டிட்டுப் போனப்புறம் முக்காலி நகராம வெறும் இடத்தை ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டா, அப்புறம் உட்கார்ந்து கயித்தை அழிக்கச் சுலபம். நாய் வாலை நிமிர்த்த முடியாதுன்னு சொன்னவன் உன் கம்ப்யூட்டரைப் பார்க்கல. வாலை நிமிர்த்துற, வாய் ஓரத்து எச்சியைத் துடைக்கிற, எல்லாம் செய். ஆனா கிழட்டு நாயோட தாடை நரையைக் கருப்பாக்காத. பாதிப் பேரு உன்னைக் கூப்பிடுறதே டாக்டர் கையை விரிச்சதுக்கு அப்புறம்தான். அந்த வீட்டுக்குப் போனா சீக்கிரம் போ. நிக்க வைக்காத, அது படுத்திருக்கிற இடத்துல நீயும் படு. நரை, காதுல இருக்கிற பழைய வெட்டு, தேஞ்ச நகம், வீட்டு ஆளோட கை, அதெல்லாம் இருக்கணும். அவங்களுக்கு அந்தத் தாடை தெரியும். நீ மாத்திக் குடுத்தா வேற நாய் படத்துக்கு யாரு அழுவா?

ஆயிரத்தைந்நூறு படம் எடுத்தேன்னு ஆயிரத்தைந்நூறையும் அனுப்பாத. ரோல் கணக்குதான் உத்தமம். பன்னிரண்டு குடு, அதுவே தாராளம். எது பன்னிரண்டுன்னு உட்கார்ந்து பிரிக்கிறப்பதான் உன் கண்ணு தேறும், அந்த வேலையை ஓனர் தலையில கட்டிட்டா தேறுறது அவங்க கண்ணு.

கூலி விசயம். பாதியை முன்னாலயே வாங்கு. "குட்டிதானே, பாதி ரேட்டுக்கு எடுக்கக் கூடாதா?"ன்னு கேட்பாங்க. குட்டிக்குத்தான் ரெட்டை ரேட்டு. அஞ்சு நிமிசம் விளையாடும், அரை மணி தூங்கும், நடுவுல உன் பையில ஒண்ணுக்குப் போகும். தடுப்பூசி முடியாததை வெளிய கூட்டிட்டு வரச் சொல்லவும் முடியாது, நீதான் வீட்டுக்குப் போய்க் காத்துக் கிடக்கணும். அது தூங்குற நேரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடு. சொந்தக்காரங்க கேட்டா காசு வாங்காத, அது மரியாதை இல்ல. சந்தோசமா எடு, படம் தீபாவளிக்குத் தர்றேன்னு சொல்லு. எந்தத் தீபாவளின்னு மட்டும் வாயைத் திறக்காத.